இஞ்சு டேப்பை எங்கே வைப்பது? வயிற்றுக் கொழுப்பை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"இடுப்பளவு எவ்வளவு?" என்று கேட்டால் பத்துப் பேரும் பத்து இடத்தைச் சொல்வார்கள். தமிழில் இடுப்பு என்பது ஒரே சொல், ஆனால் உடம்பில் அது ஓர் இடமில்லை. குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்புதான், சேலையைச் செருகுவதும் இடுப்புதான், பேன்ட் நிற்பதும் இடுப்புதான். டெய்லர் மட்டும் சாமர்த்தியமாக இடுப்பு, சீட் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வார். மருத்துவ முகாமிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ "இடுப்புச் சுற்றளவு" என்று படிவத்தில் அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் வயிற்றை அளக்கிறார்கள், பாதிப் பேர் பிட்டத்துக்குச் சற்று மேலே அளக்கிறார்கள்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க இரண்டே சொற்கள்: வயிற்றுச் சுற்றளவு, பிட்டச் சுற்றளவு. உங்கள் பதிவேட்டிலும் இப்படியே எழுதுங்கள். கேட்க நயமாக இருக்காது, குழப்பமும் இருக்காது.

எடையும் உயரமும் போதாதா?

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. (உடல் நிறை எண்) மொத்த எடையைச் சொல்லும். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் சேருவதுதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி திறப்பது. இந்த வேறுபாட்டை 1947-லேயே மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் எழுதிவிட்டார். மருத்துவ உலகம் டேப்பைக் கையில் எடுக்கத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் மக்களுக்கு இது இன்னும் முக்கியம். 2004-ல் புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் உடம்பையே ஆதாரமாக வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்க அளவிலான குறிப்பு வெளியிட்டார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் அச்சொட்டாக 22.3. உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வரும் அந்த உருவத்தை நாம் தினம் பேருந்தில் பார்க்கிறோம். எடை மெஷின் அவரை "நார்மல்" என்று அனுப்பிவிடும்.

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (ICMR-INDIAB) நீரிழிவு ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இந்தியாவில் பி.எம்.ஐ. கணக்கில் உடற்பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். எடை மெஷினை மட்டும் நம்பினால் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்பதை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி காட்டிவிடும்.

கையில் என்ன வேண்டும்

இழுத்தால் நீளாத டேப் ஒன்று. கண்ணாடி இழை கலந்தது நல்லது. இழுவிசையை ஒரே சீராக, 100 கிராம் அளவில், வைத்துக்கொள்ளும் சுருள்வில் பூட்டிய டேப்பைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல டெய்லர் டேப் போதும், ஆனால் சோதித்துவிட்டு எடுங்கள்.

சோதனை எளிது. எஃகு அளவுகோல் அல்லது கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் பக்கத்தில் வைத்து 0, 50, 100 செ.மீ. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். ஓராண்டு கழுத்தில் தொங்கிய பழைய டேப் 100 செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. கூடுதலாக நீண்டிருப்பது சாதாரணம். நீண்ட டேப் குறைத்துக் காட்டும். ஆணுக்கான வரம்பான 90 செ.மீ.யைத் தொட்ட வயிறு 89 ஆகிவிடும், ஒருவர் வரம்புக்குள் வந்துவிடுவார். நுனியில் உள்ள தகரம் கழன்றிருந்தால் பூஜ்யமே தொலைந்துவிட்டது என்று பொருள், தூக்கிப் போடுங்கள்.

சாதாரண டெய்லர் டேப்பின் நீளம் 150 செ.மீ. அதைத் தாண்டும் வயிறுகளும் பிட்டங்களும் உண்டு. இரண்டு டேப்பை முடிச்சுப் போட்டு அளப்பது அளப்பவருக்கு வேலை, அளக்கப்படுபவருக்கு அவமானம். 200 செ.மீ. டேப் ஒன்று பையில் இருக்கட்டும்.

செ.மீ. பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இஞ்சில் எடுத்து மனக்கணக்காக 2.5-ஆல் பெருக்குபவர்கள் அதிகம். 35 இஞ்சு × 2.5 = 87.5. உண்மையில் 35 × 2.54 = 88.9. ஒன்றரை செ.மீ. பக்கம் காற்றில் போய்விட்டது.

இவை தவிர கண்மையோ, எளிதில் அழியும் பேனாவோ, ஒரு திரைச்சீலை, உயரம் அளக்கும் கோல். கண்ணாடி இருந்தால் டேப் பின்னால் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க உதவும்.

எந்த இடம்: மூன்று முறைகள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

உலகம் முழுக்க ஒரே இடத்தில் அளப்பதில்லை. இதுதான் பெரிய சிக்கல்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பு மேட்டின் உச்சிக்கும் நடுவே, பக்கவாட்டில், டேப் போகும். இதை நடுப்புள்ளி முறை என்போம். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் முறையில் இடுப்பெலும்பு மேட்டின் மேல்விளிம்பை ஒட்டி டேப் போகும். ஜப்பானில் தொப்புள் மட்டத்தில் அளக்கிறார்கள். "இடை எங்கே ஒடுங்குகிறதோ அங்கே" என்று சொல்லும் பழைய பாடங்களும் உண்டு. பலருக்கு, குறிப்பாகத் தொப்பை உள்ளவர்களுக்கு, ஒடுங்கும் இடமே இருக்காது என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஒரே ஆளை இந்த எல்லா முறையிலும் அளந்தால் ஒரே எண் வராது. ஆண்களிடம் வித்தியாசம் குறைவு. பெண்களுக்கு இடையிலிருந்து பிட்டத்துக்கு உடல் விரிந்துகொண்டே போவதால் டேப் கீழே இறங்க இறங்க எண் ஏறும், சில செ.மீ. வரைகூட. போன வருடம் ஓர் இடத்தில், இந்த வருடம் வேறு இடத்தில் எடுத்துவிட்டு "வயிறு குறைந்திருக்கிறது" என்று மகிழ்வதில் பொருளில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் வேலை செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை நடுப்புள்ளி முறை. தொப்புளை நம்ப வேண்டாம். தொப்பை சரியும்போது தொப்புளும் கூடவே கீழே இறங்கிவிடும். எலும்பு இறங்காது.

அளக்கும் முறை, படிப்படியாக

1. நேரம். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. முகாமில் அது நடக்காது என்றால் சாப்பிட்ட உடனே எடுக்காமல் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

2. சொல்லிவிட்டுத் தொடுங்கள். எங்கே கை வைக்கப் போகிறீர்கள், எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெண்களைப் பெண் பணியாளர் அளக்கட்டும். "அக்கா, டேப்பை நீங்களே பின்பக்கமா சுத்தி முன்னாடி குடுங்க" என்றால் பாதிக் கூச்சம் போய்விடும். இதனால் ஆளைக் கட்டிப்பிடிப்பதுபோல் குனிய வேண்டிய தேவையும் இல்லை. அளந்த எண்ணை அடுத்த மேசைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லாதீர்கள்.

3. துணி. தோலின் மேல் அளப்பதே சரி. முடியாவிட்டால் மெல்லிய ஒரே ஒரு துணி. சட்டையின் மேல், பனியனின் மேல், பெல்ட்டின் மேல் அளப்பது அளவே இல்லை. துணிக்காக ஒரு செ.மீ. கழிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கழிக்காதீர்கள். "துணி மேல்" என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கடங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது பாவாடை நாடா. தினமும் இறுக்கிக் கட்டிய நாடா தோலில் கருத்த பள்ளமாகப் பதிந்திருக்கும். டேப் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும், அளப்பவரும் "இதுதான் இடை" என்று எழுதிவிடுவார். அந்தத் தடம் நடுப்புள்ளியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாடாவைத் தளர்த்தி, கொசுவத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, எலும்பைத் தொட்டே புள்ளியைக் கண்டுபிடியுங்கள். நாடாவை இறுக்கிய நிலையிலேயே அளந்தால் சதை மேலும் கீழுமாகப் பிதுங்கி எண்ணைக் கெடுக்கும். இரண்டாவது அரைஞாண் கயிறு. அவிழ்க்கச் சொன்னால் பலர் சங்கடப்படுவார்கள், அவிழ்க்கவும் வேண்டாம். பிட்டப் பக்கம் இறக்கிவிட்டால் டேப்புக்கு வழி கிடைத்துவிடும். வேட்டி, கைலி கட்டியவர்களுக்கு இடுப்பு மடிப்பை அவிழ்த்துக் கையில் தாழப் பிடிக்கச் சொல்லுங்கள்.

4. நிற்கும் நிலை. இரண்டு பாதங்களும் சேர்ந்து, எடை இரண்டு காலிலும் சமமாக. கைகள் பக்கவாட்டில் தளர்ந்து தொங்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் விலா எலும்பு மேலே ஏறி வயிறு உள்ளே இழுபடும். பார்வை நேராக. டேப்பைக் குனிந்து பார்ப்பவரின் வயிறு மடிந்துவிடும்.

5. இரண்டு எலும்புகள். ஆளுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் விலாவின் மேல் விரல் நுனிகளை வைத்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். எலும்பு முடிந்து விரல் மெத்தென்று உள்ளே போகும் இடம் கடைசி விலாவின் கீழ்விளிம்பு. அங்கே ஒரு புள்ளி. அடுத்து, உள்ளங்கையை நேராக வைத்து அதே கோட்டில் மேலிருந்து கீழே அழுத்துங்கள். கையைத் தடுத்து நிறுத்தும் கெட்டியான விளிம்புதான் இடுப்பெலும்பு மேடு. அங்கே இரண்டாவது புள்ளி.

பருத்த உடம்பில் விரலால் தடவினால் எலும்பு தட்டுப்படாது. நாலு விரலையும் சேர்த்து ஆழமாக, மெதுவாக அழுத்த வேண்டும். "ஒரு பக்கமா லேசா சாயுங்க" என்றால் விலாவும் இடுப்பெலும்பும் நெருங்கி, இரண்டும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு நிமிர்ந்து நிற்கச் சொல்லிவிட்டுப் புள்ளி வையுங்கள். சாய்ந்த நிலையில் வைத்த புள்ளி இடம் மாறிப்போயிருக்கும்.

6. நடுப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து சரிபாதியில் குறியுங்கள். கண்மதிப்பு வேண்டாம். இரு பக்கமும் குறிப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் குறித்தால் டேப் மறுபக்கம் சரிந்திருப்பது தெரியாமல் போகும்.

7. டேப் சுற்றுவது. தரைக்கு இணையாக இருக்கட்டும். டேப் எங்கும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் சாய்ந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். 88 செ.மீ. உருளை ஒன்றைச் சுற்றிய டேப் முன்பக்கம் 4 செ.மீ. இறங்கியிருந்தால் கணக்குப்படி கூடுவது அரை செ.மீ.கூட இல்லை. ஆனால் மனித வயிறு உருளை இல்லை. முன்னால் இறங்கும் டேப் தொப்பையின் அடியில் நழுவிப்போய்ப் பல செ.மீ. குறைத்துக் காட்டும், அல்லது பெருத்த இடத்தில் ஏறிக் கூட்டிக் காட்டும். தொங்கும் தொப்பையைக் கையால் தூக்கிப் பிடித்து அளக்காதீர்கள். அது இருக்கும் நிலையிலேயே, அதன் மேலேயே டேப் போகட்டும்.

8. இறுக்கம். டேப்புக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தோலில் பள்ளமும் விழக் கூடாது. டெய்லர்போல் இரண்டு விரல் விட்டுப் பிடிக்கும் பழக்கம் இங்கே ஆகாது. அவர் தைப்பதற்கு லூஸ் வைக்கிறார்.

9. மூச்சு. டேப் பட்டதுமே எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், அது மனித சுபாவம். "மூச்சை விடுங்க" என்று அதட்டினால் ஊதித் தள்ளிவிடுவார்கள், அதுவும் தவறு. டேப்பைப் பிடித்தபடியே ஊர், பிள்ளைகள் என்று ஏதாவது பேச்சுக் கொடுங்கள். இரண்டு மூன்று மூச்சு இயல்பாகப் போகட்டும். சாதாரணமாக மூச்சு வெளியேறி முடியும் அந்த நொடியில் எண்ணைப் பாருங்கள்.

10. படித்து எழுதுவது. கண் டேப்பின் மட்டத்துக்கு வரும்படி குனிந்து, 0.1 செ.மீ. வரை படியுங்கள். டேப்பை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி சுற்றி இரண்டாவது முறை அளக்கவும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 செ.மீ.க்குள் என்றால் சராசரி. அதற்கு மேல் என்றால் இரண்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினாலே அளந்தவரின் கை தெரிந்துவிடும். 80, 85, 90 என்று முழு எண்களாகவே இருந்தால் அவர் டேப்பைப் படிக்கவில்லை, மதிப்பிட்டிருக்கிறார். நம் வரம்புகளே பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 என்று இருப்பதால் இந்தப் பழக்கம் செய்யும் சேதம் அதிகம்.

பிட்டமும் உயரமும்

பிட்டச் சுற்றளவுக்குப் பக்கவாட்டில் நின்று, பிட்டம் அதிகமாகப் பின்னால் தள்ளியிருக்கும் மட்டத்தைக் கண்டுபிடித்து, தரைக்கு இணையாக டேப்பைச் சுற்றுங்கள். பைக்குள் இருக்கும் பர்ஸ், போன், சாவியை எடுக்கச் சொல்ல மறந்தால் ஓரிரு செ.மீ. கூடும். கனமான ஜீன்ஸ் மேல் எடுப்பதைவிட எடுக்காமல் விடுவது மேல்.

உயரத்துக்கு வெறுங்கால். குதிகால், பிட்டம், முதுகு சுவரைத் தொட வேண்டும். கொண்டையையும் பூவையும் எடுத்துவிட்டுத் தலைப்பலகை மண்டையைத் தொடும்படி இறக்குங்கள். அடையாள அட்டையில் இருக்கும் உயரத்தை வாங்கி எழுதாதீர்கள்.

எந்த வரம்பு யாருக்கு

அளவு சரியாக வந்துவிட்டது. அடுத்த குழப்பம், அதை எதோடு ஒப்பிடுவது?

ஐரோப்பிய வம்சாவளியினருக்கு ஆண் 94 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து கூடுகிறது. ஆண் 102, பெண் 88 தாண்டினால் மிகவும் கூடுகிறது. பல ஜிம்களிலும் வெளிநாட்டு மென்பொருள்களிலும் இருப்பது இந்த 102, 88 ஜோடிதான். தென்னாசியர்களுக்கு அது பொருந்தாது. அதே வயிற்றுச் சுற்றளவில் நமக்கு உள்ளுறுப்புக் கொழுப்பு கூடுதல், தசை குறைவு, சர்க்கரை நோய் வருவதும் இளவயதிலேயே. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தென்னாசியர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு ஆண் 90, பெண் 80. 2009-ல் வந்த இந்திய ஒருமித்த பரிந்துரை இதற்கு முன்னாலேயே ஒரு மஞ்சள் விளக்கு வைத்தது: ஆண் 78, பெண் 72 தொட்டாலே எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 90, 80 தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சீனர்களுக்கும் அந்தக் கூட்டமைப்பு வைத்தது 90, 80. கொரியாவில் 90, 85. ஜப்பானில் ஆண் 85, பெண் 90. பெண்ணுக்குக் கூடுதலாக இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. பிழையில்லை. ஸ்கேனில் தொப்புள் மட்டத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பின் பரப்பு 100 சதுர செ.மீ. வரும்போது வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு என்று பார்த்து வைத்த வரம்பு அது. பெண்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் என்பதால், உள்ளே அதே அளவு சேரும்போது வெளிச்சுற்று பெரிதாகியிருக்கும். 2008 முதல் ஜப்பானில் 40 முதல் 74 வயது வரையானவர்களின் வருடாந்திரப் பரிசோதனையில் இந்த அளவு உண்டு. ஆப்பிரிக்க, அரபு வம்சாவளியினருக்குத் தனித் தரவு போதாமல் ஐரோப்பிய வரம்பையே தற்காலிகமாகப் பயன்படுத்தச் சொல்கிறது கூட்டமைப்பு. அந்தத் "தற்காலிகம்" 2006-ல் சொன்னது.

கூட்டமைப்பு தெளிவாகச் சொல்வது இன்னொன்று: வரம்பு வம்சாவளியைப் பொறுத்தது, வசிக்கும் நாட்டைப் பொறுத்தது அல்ல. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் தமிழருக்கும் 90, 80தான். அங்கே 97 செ.மீ. வயிற்றோடு போன ஆண் ஒருவருக்கு "102-க்குள்தான் இருக்கிறீர்கள்" என்று பதில் வந்தால், எந்த வரம்பை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம்.

பெற்றோர் வெவ்வேறு வம்சாவளி என்றால்? ஒரே முகாமில் பல நாட்டவர் வரிசையில் நின்றால்? திருநர் ஒருவருக்கு ஆண் வரம்பா, பெண் வரம்பா? இந்த இடங்களில் வயிறு–உயர விகிதம் கைகொடுக்கும். வயிற்றுச் சுற்றளவை உயரத்தால் வகுங்கள், இரண்டும் செ.மீ.யில். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022-ல் சொன்னபடி 0.4 முதல் 0.49 வரை ஆபத்தில்லை, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடுதல், 0.6 அல்லது அதற்கு மேல் என்றால் மிகவும் கூடுதல். எல்லா இனத்துக்கும், ஆண் பெண் இருவருக்கும் ஒரே எண். வயிறு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டேப் இல்லாத வீட்டில்கூட ஒரு கயிற்றை உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

குள்ளமானவர்களை இந்த விகிதம் நன்றாகப் பிடிக்கும். 148 செ.மீ. உயரப் பெண்ணுக்கு வயிறு 77 என்றால் 80-க்குள் இருப்பதால் வழக்கமான வரம்பில் தப்பிவிடுவார். விகிதம் 0.52. நம் ஊரில் அந்த உயரத்துப் பெண்கள் ஏராளம். மறுபுறம், 182 செ.மீ. உயர ஆணுக்கு வயிறு சரியாக 90 என்றால் வரம்பைத் தொட்டுவிட்டார், விகிதமோ 0.49. இப்படி இரண்டும் முரண்பட்டால் மோசமாகச் சொல்வதை எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இது சல்லடை, தீர்ப்பு அல்ல. சல்லடையில் ஒருவர் கூடுதலாகச் சிக்கினால் நஷ்டம் ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும்.

வயிறு–பிட்ட விகிதத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஆண் 0.90, பெண் 0.85. ஆராய்ச்சிக்கு நல்ல அளவு, தொடர்ந்து கண்காணிக்க மோசமான அளவு. வயிறு 92, பிட்டம் 100 இருந்த ஒருவர் கஷ்டப்பட்டு எடை குறைத்து வயிறு 87, பிட்டம் 94.5-க்கு வந்தார் என்று வையுங்கள். முன்பும் 0.92, இப்போதும் 0.92. ஐந்து செ.மீ. குறைந்ததை இந்த விகிதம் கண்டுகொள்ளவே இல்லை.

நம் ஊர்ப் படிவங்களில் இந்த அளவு எங்கே போகிறது

கிராம, வட்டார அளவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிரப்பும் சமூக அளவிலான மதிப்பீட்டுப் பட்டியலில் வயிற்றுச் சுற்றளவுக்குத் தனி மதிப்பெண். பெண் 80, ஆண் 90 வரை 0. பெண் 81–90, ஆண் 91–100 என்றால் 1. அதற்கு மேல் 2. வயது, புகை, மது, உடற்பயிற்சி, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்து 4-ஐத் தாண்டினால் பரிசோதனைக்கு முன்னுரிமை.

சென்னை ஆய்வாளர்கள் 2005-ல் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணில் இதே அளவுக்கு முக்கியத்துவம் இன்னும் கூடுதல்: பெண் 80–89, ஆண் 90–99 என்றால் 10, பெண் 90, ஆண் 100 அல்லது அதற்கு மேல் என்றால் 20. மொத்தம் 100-க்கு 60 வந்தால் ஆபத்து அதிகம். இரண்டு சென்டிமீட்டர் தவறாக அளந்தால் ஒருவர் 60-லிருந்து 50-க்கு இறங்கிவிடுவார். பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று பொறுமையாக விசாரித்துவிட்டு, டேப்பை மட்டும் சட்டை மேல் அவசரமாகச் சுற்றுவது எவ்வளவு அபத்தம் என்று இதிலிருந்து தெரியும்.

டேப் ஏமாற்றும் இடங்கள்

கர்ப்பிணிகளுக்கு அளக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள் வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும், அப்போது எடுக்கும் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர், பெரிய குடலிறக்கம் உள்ளவர், வயிற்றில் கட்டி உள்ளவர், இவர்களின் எண்ணுக்குக் கொழுப்போடு தொடர்பில்லை. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் சில வாரங்களில் வேகமாகப் பெருத்தவர் வந்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதுகு கூனிய முதியவர்களுக்கு இரண்டு தொல்லை. விலா இறங்கி இடுப்பெலும்பைத் தொட்டுவிடும், நடுப்புள்ளிக்கே இடமிருக்காது. அப்போது இடுப்பெலும்பு மேட்டின் உச்சியிலேயே அளந்து அதைக் குறித்துவிடுங்கள். உயரமும் குறைந்திருக்கும், அதனால் வயிறு–உயர விகிதம் செயற்கையாக ஏறும். நடுவயதில் அளந்த உயரம் எங்காவது பதிவாகியிருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

நிற்க முடியாதவரைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ எடுத்தால் அந்த எண்ணை மேலே சொன்ன வரம்புகளோடு ஒப்பிட முடியாது. அவருடைய சென்ற மாத அளவோடு மட்டும் ஒப்பிடலாம், அதே நிலையில் எடுத்திருந்தால். பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களுக்கு டேப் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை, ஆபத்து ஏற்கெனவே தெரிந்ததுதான். அவர்களை அளந்து சங்கடப்படுத்தாமல் நேராக அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

பேன்ட் சைஸ் ஒருபோதும் வயிற்றுச் சுற்றளவு ஆகாது. தொப்பை வளர வளரப் பேன்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்ளும். இருபது வருடமாக "நான் 34தான்" என்று சொல்லும் ஆளின் வயிறு 100 செ.மீ. இருக்கும். கடைக்காரர்களும் துணியை அச்சிட்ட எண்ணைவிடத் தாராளமாகவே தைக்கிறார்கள்.

எண் வரம்பைத் தாண்டினால்

பயமுறுத்த வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு (எச்.டி.எல்.) இந்த நான்கும் பார்க்க வேண்டும். அழுத்தம் 130/85, சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150 தொட்டால் அது கணக்கில் சேரும். நல்ல கொழுப்பு ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழே இருந்தாலும் சேரும். 2009-ல் பல சர்வதேச அமைப்புகள் கூடி ஏற்ற வரையறைப்படி வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து ஐந்தில் ஏதேனும் மூன்று இருந்தால் அது வளர்சிதை மாற்றக் குறைபாட்டுத் தொகுப்பு (மெட்டபாலிக் சின்ட்ரோம்). ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் நார்மலாக இருந்தாலும் அந்த அம்சம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் தனியாக அளப்பவர்கள் கண்ணாடிக்கு முன் பக்கவாட்டில் நின்று டேப் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு வெளியேறி முடிந்ததும் டேப் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்து, டேப்பைக் கழற்றி, பிறகு எண்ணைப் படியுங்கள். குனிந்து படித்தால் எண் மாறிவிடும். மாதம் ஒருமுறை போதும். 2 செ.மீ.க்குள் ஏறி இறங்குவதை மாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதி நேற்றிரவுச் சாப்பாடு.

பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: "பெண், 46 வயது. வயிறு 86.5, 86.0, சராசரி 86.3. நடுப்புள்ளி, தோல் மேல், வெறும் வயிறு, காலை 7.30. உயரம் 151.0. விகிதம் 0.57. டேப் எண் 2." கடைசியில் உள்ள டேப் எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்து இரும்பு டேப்போடு வைத்துப் பார்க்கும்போது இரண்டாம் எண் டேப் ஒரு செ.மீ. நீண்டிருந்தால், எந்தெந்த வரிகளை மறுபடி அளக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.